ஹோரஸ் மான் பாண்ட்: ஆய்வறிஞரும் கல்லூரித் தலைவரும்

கல்வி உலகில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் ஒன்று உண்டு. நன்றாகப் பாடம் சொல்லும் ஆசிரியரை மெச்சி அவரைத் தலைமையாசிரியராக்குவர். அன்று முதல் அவர் பாடம் சொல்வது குறைந்து, பதிவேடு பார்ப்பது மிகும். நன்றாக ஆராயும் பேராசிரியரை மெச்சி அவரைக் கல்லூரித் தலைவராக்குவர். அன்று முதல் ஆராய்ச்சி ஒதுங்கி, கட்டிட நிதி திரட்டுவது முன்னே வரும். இதனால் கல்விக்கு விளைவது ஆக்கமா, இழப்பா என்ற கேள்விக்குப் பொதுவாக விடை கூறிவிட முடியாது. ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அவர் எழுதியவற்றையும் நடத்தியவற்றையும் எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்ப்பதற்கு மிகவும் ஏற்றது அமெரிக்கக் கறுப்பினக் கல்வியறிஞர் ஹோரஸ் மான் பாண்ட் (1904–1972) அவர்களின் வாழ்க்கை. அவர் இரண்டு கல்லூரிகளுக்குப் பதினெட்டு ஆண்டுகள் தலைவராக இருந்தார். அதற்கு முன்னரே, பள்ளிக்கூடத்தைப் பற்றி யாவரும் சிந்திக்க வேண்டிய இரண்டு நூல்களை எழுதி முடித்திருந்தார்.

பெயரும் குடியும்

பாண்டின் பெயரிலேயே ஒரு கல்வி வரலாறு அடங்கியிருக்கிறது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1837 முதல் கல்விக் குழுவின் செயலாளராக இருந்து பொதுப்பள்ளி முறையை நிலைநிறுத்தியவர் ஹோரஸ் மான். பின்னர் ஓஹையோ மாநிலத்து அந்தியோக் கல்லூரிக்கு முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. அப்பெயரைத் தம் மகனுக்கு இட்ட பெற்றோர் இருவரும் கல்வியின் வலிமையைத் தம் வாழ்விலேயே கண்டவர்கள். தந்தை ஜேம்ஸ் பாண்ட், அடிமைத்தளையில் இருந்த ஒரு தாயின் வயிற்றில் பிறந்து, கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரியிலும் பின்னர் ஓபர்லின் கல்லூரியிலும் பயின்று மதகுருவானவர். தாயாரும் ஓபர்லினில் பயின்ற ஆசிரியை.

பெரியா கல்லூரி அக்காலத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த அரிய இடம். ஹோரஸ் பிறந்த 1904ஆம் ஆண்டிலேயே கென்டக்கி அரசாங்கம் ஒரு சட்டத்தின் மூலம் அதனைத் தடைசெய்தது. 1908இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. வெளியேற்றப்பட்ட மாணவர்க்கென லிங்கன் கல்விக்கழகம் என்ற பள்ளி தனியே அமைக்கப்பட்டது. அதற்கு ஊரூராகச் சென்று பணம் திரட்டியவர் தந்தை ஜேம்ஸ். அதில் படித்தவர் மகன் ஹோரஸ். கூட்டுக்கல்வி ஒழிந்த இடத்தில் தனிப்பள்ளி எழுந்ததையும், அதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சிறுவயதிலேயே வீட்டுப் பேச்சில் கேட்டு வளர்ந்தவர் பாண்ட். பின்னர் அவர் செய்த ஆராய்ச்சிக்கு இதுவே வித்து எனலாம்.

பதினான்காம் வயதில் பென்சில்வேனியா மாநிலத்து லிங்கன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, 1923இல் பட்டம் பெற்றார். அங்கேயே சிறிது காலம் பணிபுரிந்தபோது, தம் பொறுப்பிலிருந்த விடுதியில் மாணவர் சூதாடியதைக் கண்டும் காணாமலும் இருந்தார் என்று பதவி நீக்கப்பட்டார். வேறொருவராக இருந்தால் அதனோடு கல்லூரி வாழ்வே முடிந்திருக்கும். பாண்டோ சிகாகோப் பல்கலைக் கழகத்திற்குச் சென்று மேற்பட்டங்கள் பெற்றார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே லிங்கனுக்குத் தலைவராகத் திரும்பி வந்தார்.

அளவுகோலை அளந்த இளைஞர்

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர்களுள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர்க்கு அறிவுத் தேர்வு நடத்தப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஆல்பா, தெரியாதவர்க்கு பீட்டா என இருவகைத் தேர்வுகள். அம்மதிப்பெண்களை வைத்துக் கார்ல் பிரிகாம் என்னும் உளநூலார் 1923இல் ஒரு நூல் எழுதினார். வட ஐரோப்பியரின் அறிவு பிறவியிலேயே உயர்ந்தது, கறுப்பினத்தவரின் அறிவு பிறவியிலேயே தாழ்ந்தது என்பது அந்நூலின் முடிபு. எண்களோடு வந்த முடிபாதலால் பலர் அதனை விஞ்ஞானம் என்றே நம்பினர்.

1924இல், பத்தொன்பதே வயதான பாண்ட், டூபாய்ஸ் ஆசிரியராக இருந்த 'கிரைசிஸ்' இதழிலும், 'ஆப்பர்ச்சூனிட்டி' என்னும் இதழிலும் கட்டுரை எழுதி அதனை மறுத்தார். அவர் மறுத்த முறையே கவனிக்கத்தக்கது. தேர்வு பொய் என்று அவர் கூச்சலிடவில்லை. எதிராளி காட்டிய எண்களையே எடுத்துக்கொண்டார். வெள்ளையரை மட்டும் மாநிலம் மாநிலமாகப் பிரித்துப் பார்த்தார். பள்ளிக்கு மிகுதியாகச் செலவிட்ட மாநிலத்து வெள்ளையர் மிகுந்த மதிப்பெண் பெற்றிருந்தனர். பள்ளியைப் புறக்கணித்த தென்மாநிலத்து வெள்ளையர் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தனர். வடக்கே சில மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பினத்தவர் தெற்கே சில மாநிலங்களில் வாழ்ந்த வெள்ளையரைவிட மேலாகவே செய்திருந்தனர். ஆகவே அத்தேர்வு அளந்தது பிறவி அறிவை அன்று, அரசாங்கம் கொடுத்த பள்ளியையே என்று நிறுவினார்.

அதே படைத்தேர்வின் எண்கள் 1943இல் ரூத் பெனடிக்ட், ஜீன் வெல்ட்ஃபிஷ் என்னும் இருவர் எழுதிய சிறுநூலின் வழியாகப் பொதுமக்களிடையே பரவின. மிசிசிப்பி வெள்ளையர்க்கு 41.25, கென்டக்கி வெள்ளையர்க்கு 41.50; நியூயார்க் கறுப்பினத்தவர்க்கு 45.02, ஓஹையோ கறுப்பினத்தவர்க்கு 49.50 என்பன அவ்வெண்கள். பிரிகாமும் 1930இல் தம் பழைய முடிபைத் தாமே கைவிட்டார். ஆயினும் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே அதன் ஓட்டையைக் காட்டியிருந்தார் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. எந்த முளைக்குத் தண்ணீர் விட்டார்கள், எதற்கு விடவில்லை என்று பழமொழி கேட்பதில்லை. பாண்டின் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே கிளைத்தது.

பள்ளியால் சமுதாயத்தை மாற்ற முடியுமா?

பாண்டின் முதற்பெருநூல் 1934இல் வெளிவந்தது. 'அமெரிக்கச் சமுதாய அமைப்பில் நீக்ரோவரின் கல்வி' என்பது அதன் பெயர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1932இல், ஜார்ஜ் கவுண்ட்ஸ் என்னும் கல்வியறிஞர், பள்ளிக்கூடம் புதிய சமுதாயத்தைக் கட்டத் துணியுமா என்று கேட்டு ஆசிரியருலகைக் கலக்கியிருந்தார். பொருளாதார வீழ்ச்சியால் மக்கள் வேலையின்றித் தவித்த காலம் அது. ஆசிரியர் துணிந்தால் உலகத்தையே மாற்றலாம் என்ற எழுச்சி பலர்க்கு இனித்தது.

பாண்டுக்கு அது இனிக்கவில்லை. பள்ளி எந்தக் காலத்திலும் புதிய சமுதாயத்தைக் கட்டியதில்லை. இருக்கும் சமுதாயம் எதுவோ, அதன் விளைவாகவே பள்ளி அமைந்திருக்கிறது என்பது அவர் கருத்து. கறுப்பினத்தவர்க்குக் கல்வி கொடுத்தால் அவர் நிலை தானாக உயரும் என்று பேசுவோர், அக்கல்விக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். வாக்குரிமை அற்றவன் பிள்ளைக்குப் பள்ளிக் கூரை ஒழுகுவது ஆசிரியர் குற்றமன்று, பிள்ளையின் குற்றமுமன்று என்பதே நூலின் உட்பொருள்.

இந்நூலின் சிறப்பு, கல்வியைப் பற்றிய பேச்சைப் பண்பாடு, ஒழுக்கம், உயர்நோக்கம் என்னும் மேகமண்டலத்திலிருந்து இறக்கிக் கணக்குப் புத்தகத்தின்மேல் வைத்ததாகும். குறையும் உண்டு. கறுப்பினப் பள்ளிகளுக்கு உதவிய வடநாட்டு அறநிதியங்களைப் பற்றி எழுதும்போது பாண்டின் எழுதுகோல் மென்மையாகிவிடுகிறது. ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் வணிகரின் கொடையால் 1932க்குள் தென்மாநிலங்களில் 5,000க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டிடங்கள் எழுந்தன. அது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்திட்டத்தில் ஏழைக் கறுப்பின மக்களும் தம் கைப்பணத்தையும் உடலுழைப்பையும் கொடுக்க வேண்டியிருந்தது. வரி கட்டிய மக்கள், அவ்வரியால் தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைக்காமையால், இரண்டாம் முறை தாமே கொடுத்துக் கட்டிக்கொண்டார்கள் என்பதே உண்மை நிலை. பாண்ட் இதனை அறியாதவரல்லர். எனினும் அவருடைய ஆராய்ச்சிக்கே பொருளுதவி செய்தது ரோசன்வால்டு நிதியம். கொடுத்தவரைக் குறைகூறும் உரிமை பெற்றவர்க்கு எவ்வளவு உண்டு என்பது எல்லா நாட்டு ஆய்வாளர்க்கும் உள்ள இடர்ப்பாடே.

பருத்தியும் எஃகும்

1939இல் வெளிவந்த 'அலபாமாவில் நீக்ரோவர் கல்வி: பருத்தியும் எஃகும் பற்றிய ஓர் ஆய்வு' என்பதே பாண்டின் தலைசிறந்த நூல். 1936இல் சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்ற ஆராய்ச்சியின் விரிவு இது. ஒரு மாநிலத்தின் பள்ளி வரலாற்றுக்குப் பருத்தி, எஃகு என்ற இரு சரக்குகளைப் பெயராக வைத்ததிலேயே ஆசிரியரின் நோக்கு விளங்கிவிடுகிறது.

அலபாமாவின் நடுவே கரிசல் மண் வட்டாரம் ஒன்று உண்டு. பருத்தித் தோட்டங்கள் மிகுந்த பகுதி. மக்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், நிலமுடையோர் வெள்ளையர். வடக்கே மலைப்பகுதி, அங்கே பெரும்பாலோர் ஏழை வெள்ளையர். மாநிலப் பள்ளி நிதி, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பிரித்தளிக்கப்பட்டது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அவ்வாறு வந்த பணத்தை எந்தப் பள்ளிக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை உள்ளூர் நிர்வாகிகளிடமே விட்டுவிட்டது. நீதியாகவும் நேர்மையாகவும் பிரிக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நீதி எது என்று சொல்வோர் வெள்ளையர்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. ஓரிடத்தில் 100 பிள்ளைகள். 90 பேர் கறுப்பினத்தவர், 10 பேர் வெள்ளையர். பிள்ளைக்கு 2 டாலர் வீதம் 200 டாலர் வருகிறது. கறுப்பினப் பிள்ளைக்கு 1 டாலர் மட்டும் செலவிட்டால் 90 டாலர் போய், மிஞ்சும் 110 டாலர் பத்து வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஆகிறது. தலைக்கு 11 டாலர். மலைப்பகுதியில் 90 பேர் வெள்ளையர், 10 பேர் கறுப்பினத்தவர் என்று வைத்துக்கொள்வோம். அதே அநீதியைச் செய்தாலும் வெள்ளைப் பிள்ளைக்குக் கிடைப்பது 2 டாலர் 11 காசுதான். ஆகவே கரிசல் வட்டாரத்துத் தோட்டக்காரர்க்குக் கறுப்பினப் பிள்ளைகளின் தலைக்கணக்கு ஒரு செல்வம் ஆயிற்று. பிள்ளை எண்ணிக்கையில் வேண்டும், வகுப்பறையில் வேண்டியதில்லை. மலைப்பகுதி ஏழை வெள்ளையனோ, தன் பள்ளி ஏன் இப்படி வறண்டிருக்கிறது என்று அறியாமல் கறுப்பினத்தவரையே பகைத்தான்.

ஆசிரியர் சம்பளம், பள்ளி நடந்த நாட்கள் ஆகியவற்றின் பதிவேடுகளை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பாண்ட் இதனை நிறுவினார். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் ஏறத்தாழ 1890 வரை இரு இனத்துப் பள்ளிகளுக்கும் இடையே பெருவேற்றுமை இல்லை. 1891ஆம் ஆண்டுச் சட்டமும், கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்த 1901ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பும் வந்த பின்னரே அது பிளவாகப் பெருகியது. காலங்காலமாக இருந்துவந்த இழிநிலை என்று பிறர் எண்ணியதற்குத் தேதி போட்டுக் காட்டினார் பாண்ட். தேதி உள்ள கேட்டை மாற்றவும் முடியும்.

போருக்குப் பின் வந்த சீரமைப்புக் கால அரசாங்கத்தை ஊழல் மலிந்த ஆட்சி என்றும், அது மாநிலத்தைக் கடனில் ஆழ்த்தியது என்றும் வால்டர் ஃபிளெமிங் முதலிய வரலாற்றாசிரியர் எழுதியிருந்தனர். அக்கடனைப் பாண்ட் மீண்டும் எண்ணினார். அதன் பெரும்பகுதி இரயில்வே கம்பெனிகளின் பத்திரங்களுக்கு மாநிலம் கொடுத்த பொறுப்புறுதி. போட்டியிட்ட இரு இரயில்வேக் கூட்டங்கள் இரு கட்சிகளுக்கும் பின்னே நின்றன. நிலக்கரியும் இரும்பும் புதைந்த பர்மிங்காம் பகுதியை எவர் கைப்பற்றுவது என்பதே உள்ளே நடந்த போட்டி. பழி மட்டும் கறுப்பின வாக்காளர் தலையிலும் பள்ளிச் செலவின் தலையிலும் விழுந்தது.

எஃகைப் பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. பர்மிங்காமைச் சுற்றிச் சுரங்கமும் உலையும் நடத்திய டென்னசி நிலக்கரி இரும்புக் கம்பெனியை 1907இல் அமெரிக்க எஃகுக் கழகம் வாங்கிற்று. தொழிலாளர் நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தமையால், அவர்களைக் குடும்பத்தோடு நிறுத்திவைக்கக் கம்பெனி வீடும் மருத்துவமனையும் பள்ளியும் அமைத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான கம்பெனிப் பள்ளிகள் அரசாங்கப் பள்ளிகளைவிடப் பலவகையிலும் மேலானவை. பாண்ட் இதனை மறைக்கவில்லை. நன்றிப் பத்திரமும் வாசிக்கவில்லை. பருத்திக்கு எழுத்தறிந்த கூலி வேண்டியதில்லை, எஃகுக்கு நிலையான தொழிலாளி வேண்டும்; அதனால் பள்ளி வந்தது என்று காரணத்தைக் கூறி நிறுத்தினார். முதலாளியின் நலனோடு ஒட்டி வந்த பள்ளி, அந்நலன் மாறும்போது என்னாகும் என்ற கேள்வி வாசகர் உள்ளத்தில் தானாக எழுகிறது.

இந்நூலில் பெரும் எதிர்ப்புக்கு உரியது புக்கர் வாஷிங்டன் பற்றிய மதிப்பீடு. 1881இல் டஸ்கீஜிப் பள்ளியைத் தொடங்கி உலகப்புகழ் பெற்ற அப்பெரியார் அலபாமாவிலேயே வாழ்ந்தவர். ஆனால் அவர் புகழ் வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் அம்மாநிலத்தில் இரு இனத்துப் பள்ளிகளுக்கும் இடையே பிளவு விரிந்தது. பெருமனிதரின் செல்வாக்கு, பருத்தியின் செல்வாக்கை வெல்லவில்லை என்பது பாண்டின் முடிபு. நெஞ்சுறுதியோடு சொல்லப்பட்ட முடிபு, ஆயினும் முழுமையானதன்று. பணம் எவ்வாறு பிரிந்தது என்பதற்குக் கணக்கு விடை கூறும். ஓர் ஆசிரியரைக் கண்டு ஒரு சிறுவன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு அது விடை கூறாது. இக்குறையைப் பிற்காலத்தில் பாண்டே உணர்ந்தார் என்பதைப் பின்னர்க் காணலாம்.

எழுதியும் வெளிவராதது

1934ஆம் ஆண்டின் இறுதியில் பாண்டும் அவர் துணைவியார் ஜூலியாவும் ரோசன்வால்டு நிதியத்தின் சார்பில் லூசியானா மாநிலத்து வாஷிங்டன் மாவட்டத்தில் ஸ்டார் கிரீக் என்னும் நாட்டுப்புறத்திற்குச் சென்று, அங்குள்ள கறுப்பின உழவரிடையே வாழ்ந்தனர். பள்ளியையும் குடும்பங்களையும் கண்டு எழுதுவதே நோக்கம். அம்மாவட்டத்திலே சொந்த நிலம் உடைய வில்சன் குடும்பத்தாரைப் பற்றியும் எழுதினார். அக்குடும்பத்து இளைஞர் ஜெரோம் வில்சன், ஒரு கோவேறு கழுதை பற்றிய தகராறில் காவலதிகாரி ஒருவர் இறந்த வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தார். மாநில உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. ஆணை வந்த சில நாட்களில், 1935 ஜனவரியில், ஒரு கும்பல் சிறைக்குள்ளேயே புகுந்து அவரைக் கொன்றது. பாண்ட் குடும்பத்தினர் அவ்விடம் விட்டு நீங்கினர்.

அக்கொலையைப் பற்றியும் அக்குடும்பத்தைப் பற்றியும் பாண்ட் எழுதிய கையெழுத்துப் படி அவர் வாழ்நாளில் நூலாக வெளிவரவில்லை. 1997இல்தான், வரலாற்றாசிரியர் ஆதம் ஃபேர்கிளோவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 'ஸ்டார் கிரீக் ஏடுகள்' என்ற பெயரில் அச்சேறியது. கணக்கால் பேசும் பாண்டை மட்டும் அறிந்தவர்க்கு இவ்வேடுகள் வியப்பைத் தரும். உழவர் பேச்சும், வீட்டு முற்றமும், அச்சமும் இதில் உயிரோடு வருகின்றன. நிலமும் உழைப்பும் சிக்கனமும் இருந்தால் கறுப்பினக் குடும்பம் தலைநிமிரும் என்ற அக்காலத்து அறிவுரையை அக்குடும்பம் முழுவதும் பின்பற்றியிருந்தது, பின்பற்றியும் தப்பவில்லை. இந்நூல் 1935இலேயே வெளிவந்திருந்தால் பாண்டின் எழுத்து வாழ்வே வேறு திசையில் சென்றிருக்கலாம்.

தலைவர் நாற்காலி

பெருநூல் வெளிவந்த 1939ஆம் ஆண்டிலேயே பாண்ட் ஜியார்ஜியா மாநிலத்து ஃபோர்ட் வேலி அரசாங்கக் கல்லூரியின் தலைவரானார். நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு ஆசிரியரைப் பயிற்றுவிப்பது அக்கல்லூரியின் முதன்மைப் பணி. 'பன்றித்தொடையும் முட்டையும்' என்று பெயர்பெற்ற உழவர் கண்காட்சியை ஒட்டி 1940 முதல் நாட்டுப்பாடகர் விழாவை நடத்தினார். பட்டம் பெறாத பாடகர்க்குக் கல்லூரி மேடை கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தார் வந்து அப்பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். கல்லூரியை ஊரோடு இணைக்கும் கல்விமுறை இதுவே.

1942இல் அங்கு நடந்த ஒரு நிகழ்ச்சி அவர் உள்ளத்தைக் காட்டும். டூபாய்ஸும் சமூகவியலறிஞர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியரும் வந்திருந்தபோது, தம் மகள் ஜேனையும் இரண்டு வயது மகன் ஜூலியனையும் அவர்கள் முன் நிறுத்தி, கல்விப் பணிக்கே அர்ப்பணிப்பதாக ஒரு சடங்கு செய்தார். பாதி விளையாட்டு, பாதி விரதம்.

1945இல் லிங்கன் பல்கலைக் கழகத்தின் தலைவரானார். 1854இல் தொடங்கிய அந்நிலையத்தில் படித்தவர் கறுப்பினத்தவர். தலைமை வகித்தவரெல்லாம் வெள்ளையர். முதல் கறுப்பினத் தலைவர் பாண்டே. இங்கு அவர் செய்தவற்றுள் மூன்று நிலைத்தவை. ஆப்பிரிக்காவோடு கல்லூரியைப் பிணைத்தது முதலாவது. நைஜீரியாவின் அசிகிவேயும் கானாவின் இங்குருமாவும் லிங்கனில் படித்தவர்கள். 1951இல் இங்குருமாவை அழைத்துக் கௌரவப் பட்டம் அளித்தார் பாண்ட். ஆறு ஆண்டுகளில் கானா விடுதலை அடைந்தது. இரண்டாவது, ஆல்பர்ட் பார்ன்ஸ் என்னும் செல்வரின் நட்பு. அவர் 1950இல் தம் உலகப்புகழ் ஓவியத் தொகுப்பின் அறங்காவலரை நியமிக்கும் உரிமையை லிங்கனுக்கு எழுதிவைத்தார். மறு ஆண்டு விபத்தில் இறந்தார்.

மூன்றாவது, அவர் தலைவராக இருந்துகொண்டே செய்த ஆராய்ச்சித் தொண்டு. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லுமா என்ற வழக்கில், 14ஆம் திருத்தத்தை இயற்றியோர் கருத்து யாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் கேட்டது. வழக்கை நடத்தியவர் லிங்கனின் பழைய மாணவர் தர்குட் மார்ஷல். போருக்குப்பின் தென்மாநிலங்கள் நாட்டோடு மீண்டும் சேர்ந்தபோது காங்கிரசுக்குக் காட்டிய அரசியலமைப்புகளை ஆராய்ந்து உதவியவர்களுள் பாண்டும் ஒருவர். 1954 மே 17இல் வந்த தீர்ப்பு பிரிவினையைச் செல்லாததாக்கியது.

ஆனால் நிர்வாகம் அவருக்கு எளிதாக அமையவில்லை. பணமுடை, நீண்ட ஆப்பிரிக்கப் பயணங்கள், நிர்வாகக் குழுவோடும் பேராசிரியர், பழைய மாணவருள் ஒரு சாராரோடும் பிணக்கு ஆகியவை சேர்ந்து 1957இல் பதவி விலகினார். அட்லாண்டாப் பல்கலைக் கழகத்தில் கல்வித்துறைத் தலைவராகச் சென்றார்.

இரண்டாம் வித்து

1939க்கும் 1959க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பாண்டிடமிருந்து பெருநூல் ஒன்றும் வரவில்லை. அந்த இடைவெளியே அவர் வாழ்வைப் பற்றிய மதிப்பீட்டின் மையம்.

1959இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவு 'திறமையைத் தேடல்' என்ற சிறுநூலாக வந்தது. நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட பரிசு மாணவரின் தந்தையர் என்ன தொழில் செய்கின்றனர் என்று பிரித்து, கற்றோர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் பரிசு பெறுவதைக் காட்டினார். கூலித்தொழிலாளர் குடும்பங்களில் திறமை இல்லாமலில்லை, தேடுவோர் இல்லை என்பது கருத்து. இறந்த ஆண்டாகிய 1972இல் வெளிவந்த 'கறுப்பின அமெரிக்க அறிஞர்: அவர்தம் தொடக்கங்கள் பற்றிய ஆய்வு' இதனைத் தொடர்கிறது. டாக்டர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர் எந்த ஊரில், எந்தப் பள்ளியில், எந்தக் குடும்பத்தில் தோன்றினர் என்று தேடிச் சென்றார். விடை வியப்பானது. நாடெங்கும் சிதறியிராமல், சில பள்ளிகளையும் சில குடும்பங்களையும் சுற்றியே அவர்கள் திரண்டிருந்தனர். அலபாமாவின் கரிசல் வட்டாரத்திலேயே பெரி மாவட்டத்து மரியன் ஊரில் 1867இல் தொடங்கிய லிங்கன் பள்ளி அத்தகையது. மிஷனரிச் சங்கத்தார் அனுப்பிய ஆசிரியர் அங்குத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தனர். மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியாரான கொரெட்டா ஸ்காட் 1945இல் அங்குப் படித்து முடித்தவர்.

பருத்தி அரசாண்ட அதே மண்ணில், கணக்குப்படி ஒன்றும் விளையக்கூடாத இடத்தில், ஒரு பள்ளி அறிஞரை விளைவித்திருந்தது. 1934இல் பள்ளி சமுதாயத்தின் நிழல் என்றவர், 1972இல் நிழலுக்குள் எரிந்த விளக்கைக் கண்டார். இது முரண்பாடா? ஆழ்ந்து நோக்கினால் அன்று. பள்ளிமுறை முழுவதும் பணத்தையும் அதிகாரத்தையும் பின்பற்றியே நடக்கிறது. தனிப்பள்ளி ஒன்று, நல்லாசிரியர் நிலைத்திருந்தால், சில குடும்பங்களைத் தூக்கிவிட முடியும். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டாம் உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, நல்லாசிரியர் இருந்தால் போதும், கூரையும் சம்பளமும் வேண்டியதில்லை என்று வாதிடுவோர் எந்நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு விடைகூறும் பகுதி பாண்டின் கடைசி நூலில் போதிய வலிவோடு இல்லை. குடும்பப் பெருமையைப் பேசும் இடங்களில் அது மரபுவழி வரலாறாகவும் சாய்ந்துவிடுகிறது. படித்த பாட்டனார் இல்லாத பிள்ளைக்கு என்ன வழி என்று தேடும் ஆசிரியர்க்கு அதில் கிடைப்பது குறைவே.

இரு உண்மைகளையும் ஒருசேரப் பிடித்து, எவ்வளவு பணத்திற்கு எவ்வளவு ஆற்றல், எவ்வளவு ஆசிரியத்திறனுக்கு எவ்வளவு ஆற்றல் என்று பிரித்துச் சொல்லும் நூல் ஒன்று எழுதப்பட வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய புள்ளிவிவரப் பயிற்சியும், நாட்டுப்புறப் பழக்கமும், பதிவேடு படிக்கும் பொறுமையும் ஒருங்கே வாய்ந்தவர் பாண்ட். முப்பத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்திரண்டு வயது வரை, அறிவு முதிரும் ஆண்டுகளில், அவர் நன்கொடைக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தம் கல்லூரியின் வரலாறு கூட அவர் மறைவுக்குப் பின்னர் 1976இல்தான் வெளிவந்தது.

மதிப்பீடு

அவ்வாறாயின் தலைமைப்பதவி வீணா என்றால், அப்படிக் கூறுவதும் நீதியாகாது. 1945இல் லிங்கனுக்குத் தலைவராகும் வாய்ப்பைக் கறுப்பின அறிஞர் ஒருவர் மறுத்திருந்தால், தகுதியுள்ளவர் இல்லை என்றே உலகம் பேசியிருக்கும். தம் ஆராய்ச்சி முழுவதும், பணத்தைப் பிரிக்கும் நாற்காலியில் அமர்பவர் யார் என்ற கேள்வியையே எழுப்பியவர், அத்தகைய நாற்காலி தமக்கு வந்தபோது ஒதுங்கி நிற்க முடியுமா? அவர் சென்றது தம் நூலின் முடிபுக்கு இணங்கவே எனலாம். ஆனால் அவர் இனத்தில் ஆராயத் தெரிந்தவர் மிகச் சிலராக இருந்த காலத்தில், அச்சிலரையே நிர்வாகத்திற்கும் இழுத்துக்கொள்ள நேர்ந்தது. பாண்ட் தம் நூல்களில் எழுதிய வறுமையின் இன்னொரு வடிவம் அது. ஆளில்லாமையும் ஒரு வறுமையே.

மகன் ஜூலியனின் வாழ்க்கை இதற்கு ஒரு பின்னுரை போல் அமைந்தது. கல்விப் பணிக்கென அர்ப்பணிக்கப்பட்ட அச்சிறுவர், 1961இல் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு உரிமைப் போராட்டத்தில் இறங்கினார். 1965இல் ஜியார்ஜியாச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வியட்நாம் போரை எதிர்த்தமையால் இருக்கை மறுக்கப்பட்டு, 1966 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அதனைப் பெற்றார். விட்ட பட்டத்தை 1971இல், தந்தை மறைவதற்கு ஓராண்டு முன்னர், பெற்றுக்கொண்டார். பள்ளியை மாற்ற வாக்குரிமை வேண்டும் என்று தந்தை 1934இல் எழுதியதை மகன் தெருவில் இறங்கிச் செய்தார்.

பாண்டின் நூல்களுள் ஒன்றை மட்டும் படிக்க விரும்புவோர் 1939ஆம் ஆண்டு நூலையே படித்தல் வேண்டும். பிள்ளை ஏன் தேறவில்லை என்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், அப்பிள்ளையின் பெயரில் வந்த பணம் எவ்வளவு, அது எங்கே சென்றது என்ற கேள்வியையும் உடன் கேட்க அந்நூல் கற்பிக்கிறது. கேட்பவர் கையில் பதிவேடும், கணக்கும், தேதியும் இருத்தல் வேண்டும் என்றும் கற்பிக்கிறது. பள்ளி நிர்வாகக் குழுக்களில் அமர்ந்திருப்போர் கற்க வேண்டிய பாடம் இது. கல்லூரித் தலைவர் பாண்டை லிங்கனின் பழைய மாணவர் நினைவில் வைத்திருப்பர்; கணக்கெடுத்த பாண்டோ, பள்ளி நிதி பிரிக்கப்படும் எல்லா நாட்டுக்கும் உரியவர்.